களை என்று யார் சொன்னது?

மலைத் தோட்டக்காரர் ஒருவரிடம், "உங்கள் தோட்டத்துத் தரையில் என்ன வளர்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒன்றும் வளராது, சார். அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறோம்" என்று பெருமையோடு பதில் வரும். ஒன்றும் வளராத தரையைப் பற்றி ஒரு விவசாயி பெருமைப்படுகிறார் என்றால் அது விசித்திரமான பெருமைதான். பாலைவனத்துக்காரன் கூட அப்படிப் பெருமைப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்தப் பெருமையோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். போடிநாயக்கனூரில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் என் நண்பர் கேட்டே விட்டார். "நீங்க கதை எழுதுங்க, சார். களை வேணுமா, வேண்டாமாங்கிறதை நாங்க பாத்துக்கிறோம்" என்றார். நல்ல மனிதர், வீட்டுக்குப் போனால் ஏலக்காய் தட்டிப் போட்ட காபி கொடுக்காமல் அனுப்ப மாட்டார். ஆனால் காபிக்காக அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள முடியாது அல்லவா?

விஷயம் மிகச் சிறியது. ஒரு பழம், சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். காட்டு ஸ்ட்ராபெர்ரி. அதைத் தோட்டத்துத் தரையில் பரவ விடலாம் என்பது என் கட்சி. பரவினால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்; வெயில் நேராக மண்ணில் விழாமல் மூடும்; காலத்தில் பழமும் கொடுக்கும். பிடுங்கி எறிய வேண்டும் என்பது நண்பர் கட்சி. பெரும்பான்மை அவர் பக்கம். ஆகையால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில், எந்தச் செடியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவு செய்துவிடுகிறேன். ஸ்ட்ராபெர்ரி என்றதும் நம் வாசகர்கள் கண்முன் வருவது கொடைக்கானலிலும் மூணாற்றிலும் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து விற்கிற, பெருவிரல் பருமனுள்ள சிவப்புப் பழம். அந்தப் பழத்துக்கும் நம் மலைக்கும் யாதொரு இரத்த சம்பந்தமும் கிடையாது. அதன் பூர்வீகம் வேடிக்கையானது. 1714இல் ஃபிரெஸியே என்ற பிரெஞ்சு ராணுவ எஞ்சினீயர் சிலி தேசத்தில் ஸ்பானியர்களின் கோட்டைகளை வேவு பார்த்துவிட்டுத் திரும்பும்போது, அங்கே பயிரிட்ட பெரிய ஸ்ட்ராபெர்ரிச் செடிகளைக் கப்பலில் கொண்டுவந்தார். கப்பலிலே குடிதண்ணீருக்குப் பஞ்சம். அப்படியும் சில செடிகள் பிழைத்தன. பிரான்ஸில் அவை காய்க்கவில்லை. கொண்டுவந்தவை எல்லாம் பெண் செடிகள்! பக்கத்தில் வட அமெரிக்காவிலிருந்து வந்த வர்ஜீனியாச் செடிகளை நட்டபோதுதான் காய்த்தன. அந்தக் கலப்பில் பிறந்ததுதான் இன்றைக்கு உலகம் முழுவதும் தின்னும் ஸ்ட்ராபெர்ரி. இரண்டு அமெரிக்கத் தாய்தந்தையர். பிறந்த இடம் ஐரோப்பா. வயது மூன்று நூற்றாண்டு கூட ஆகவில்லை. இந்தியாவில் அதன் தலைநகரம் மகாராஷ்டிரத்து மகாபலேஷ்வர். அங்கே விளைவதற்கு 2010இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள்.

நம்முடைய பழம் வேறு. அதிலும் இரண்டு உண்டு.

ஒன்று வெள்ளைப் பூ பூப்பது. தாவர சாஸ்திரிகள் அதற்கு வைத்த பெயரிலேயே நீலகிரி இருக்கிறது: 'ஃபிரகேரியா நீல்கெரென்சிஸ்'. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் வைத்த பெயர். நீலகிரியில் மட்டும் இருப்பதல்ல. கிழக்கு இமயத்திலும் சீனத்து யுன்னான் மலைகளிலும் உண்டு. இலையில் ரோமம் அடர்ந்திருக்கும். பழம் வெளிறியிருக்கும், பழுத்தாலும் கடைப்பழம் போல இரத்தச் சிவப்பாக ஆகாது. ஆனால் வாசனை உண்டு. உயரமான மலைமுகட்டுப் புல்வெளி ஓரங்கள்தான் அதற்கு வீடு.

மற்றொன்று மஞ்சள் பூ பூப்பது. இது உண்மையில் ஸ்ட்ராபெர்ரி அல்ல, அதன் ஒன்றுவிட்ட தம்பி. இந்தியாவின் பெயரைத் தாங்கியது: 'பொடென்டில்லா இண்டிகா'. முன்பு இதற்கு 'துஷேனியா இண்டிகா' என்று பெயர். துஷேன் என்பவர் பிரான்ஸ் நாட்டு இளைஞர். 1766இல், இருபது வயதுகூட நிரம்பாத பருவத்தில், ஸ்ட்ராபெர்ரிகளைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதியவர். பெரிய பழம் இரண்டு அமெரிக்கச் செடிகளின் கலப்பு என்று கண்டு சொன்னவரும் அவரே. வாழ்நாளெல்லாம் அசல் ஸ்ட்ராபெர்ரிக்கு உழைத்த மனிதருடைய பெயரைப் போலி ஸ்ட்ராபெர்ரிக்கு வைத்தது தாவர உலகத்தின் பரிகாசம் என்றே தோன்றுகிறது. இதன் பழம் அழகான சிவப்பு. மேலே சின்னச் சின்ன விதைகள் புடைத்து நிற்கும். கண்ணுக்கு விருந்து. வாயில் போட்டால் வெறும் தண்ணீர். விஷம் கிடையாது, ருசியும் கிடையாது.

டாப் ஸ்டேஷன் பக்கத்து ஒற்றையடிப் பாதை ஓரங்களில் நான் பார்த்தது பெரும்பாலும் இந்த மஞ்சள் பூவைத்தான். ஈரமும் நிழலும் இருந்தால் போதும். ஓடுதண்டு விட்டு, கணுவுக்குக் கணு வேர் ஊன்றி, ஜமக்காளம் விரித்தாற்போலப் பரவிவிடும். நம் வீட்டுக் கிணற்றடியில் வல்லாரை பரவுகிறதே, அதே வித்தை.

வல்லாரை என்று சொன்னேன். இங்கேயே வெளிநாட்டு மோகக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 'தின்னத் தகுந்த தரைமூடி' என்பதை இப்போது ஏதோ புதிய கண்டுபிடிப்புப் போலப் பேசுகிறார்கள். சென்னையிலும் கோயமுத்தூரிலும் தோட்டம் போடும் சில நண்பர்கள், 'காட்டு ஸ்ட்ராபெர்ரி விதை' என்று அட்டையில் அச்சடித்த பொட்டலத்தை விலை கொடுத்து வாங்கி, மொட்டை மாடியில் தூவி, சித்திரை வெயிலில் அது கருகிப் போனதும் மண்ணைக் குறை சொல்கிறார்கள். அந்தப் பொட்டலத்தில் இருப்பது பெரும்பாலும் ஐரோப்பியக் காட்டு ரகம். ஐரோப்பியக் காடு ஐரோப்பாவுக்குச் சொந்தம். அதைத் தேனாம்பேட்டையில் 'நாட்டுச் செடி' என்று அழைப்பது நியாயமல்ல. சமவெளிக்கு என்று நம் பாட்டிமார்கள் வைத்திருந்த தரைமூடிகள் உண்டு. வல்லாரை, பொன்னாங்கண்ணி, பொடுதலை, புளியாரை. துவையலுக்கும் ஆகும், மருந்துக்கும் ஆகும், மண்ணையும் மூடும். ஸ்ட்ராபெர்ரி மலைக்காரர்களுக்கு, வல்லாரை நமக்கு. இந்தப் பாகப்பிரிவினை இயற்கை செய்தது. வழக்காடி ஜெயிக்க முடியாது.

இப்போது குரங்கணிக்கு வருகிறேன்.

போடியிலிருந்து மேற்கே போனால் கொட்டகுடி ஆற்றை ஒட்டிய பாதை குரங்கணியில் போய் முடிகிறது. அதற்கு மேல் மலை சுவர் மாதிரி எழும்பி நிற்கிறது. அடிவாரத்தில் மாமரமும் இலவ மரமும். நடுவில் காபியும் மிளகும் ஏலமும். உச்சியில் கொழுக்குமலைத் தேயிலை. ஏழாயிரம் அடிக்கு மேல் விளையும் தேயிலை. ஒரே சரிவில் மூன்று நாட்டுச் சீதோஷ்ணம். காட்டு ஸ்ட்ராபெர்ரி அடிவாரத்தில் பிழைக்காது. அந்த அனல் அதற்கு ஆகாது. மேலே ஐயாயிரம் அடி தாண்டினால் அது தன் வீட்டில் இருக்கிறது. நடுவில், ஏலக்காட்டு நிழலில், ஈரம் வற்றாத இடங்களில் மஞ்சள் பூச் செடி தாக்குப் பிடிக்கும். இந்த உயரக் கணக்குத் தெரியாமல், 'மலை' என்று ஒரே வார்த்தையில் பேசுகிறவர்கள் எதை நட்டாலும் வீண்தான்.

இந்தச் சரிவுக்கு ஒரு சரித்திரம் உண்டு. மூணாறு துரைமார்கள் 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ரயில் போட்டு, தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவந்தார்கள். அங்கேயிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்டுக் கொட்டகுடிக்கு இறக்கினார்கள். பிறகு போடிக்கு வண்டி. 1924ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. ஏலக்காய் மட்டும் இன்றுவரை போடிக்கு வந்துகொண்டிருக்கிறது. ஏலத்தை ஏலம் விடுவதே ஊரின் பெரிய தொழில். யோசித்துப் பார்த்தால், நூறு வருஷத்துக்கு மேலாக இந்த மலையிலிருந்து கீழே இறங்கியது எல்லாம் எடை போட்டு இறங்கியது. தராசில் ஏறாத எதற்கும் இங்கே மரியாதை இல்லை. சுண்டைக்காய் அளவுப் பழம் எந்தத் தராசில் ஏறும்? அன்று பறித்தால் அன்று சாயங்காலம் குழைந்து போகும். டப்பாவில் அடைக்க முடியாது, போடிக்கு அனுப்ப முடியாது, ஏலம் விட முடியாது. ஆகவே அது களை!

'களை' என்பதற்கு வேறு இலக்கணம் எனக்குக் கிடைக்கவில்லை. வள்ளுவர் களையைக் கொலைகாரனுக்குச் சமமாக வைத்தார். அரசன் கொடியவரைத் தண்டிப்பது பயிரைக் காக்கக் களை பிடுங்குவது போல என்றார். சரியான ஒப்புமை. பயிரைக் கொல்வது களை. ஆனால் யாரையும் கொல்லாத செடியை, பயிரின் காலடியில் ஈரம் காத்துக் கிடக்கிற செடியை, கொலைகாரன் என்று தண்டிப்பது எந்த நாட்டு நீதி? குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கினார். குறிஞ்சி நிலத்துப் பூ ஒவ்வொன்றுக்கும் பெயர் தெரிந்த மொழி இது. அந்த மொழியைப் பேசுகிற நாம் தரையில் பூத்துக் கிடப்பது அனைத்தையும் ஒரே பெயரால் அழைத்துவிட்டுச் சுரண்டியை எடுக்கிறோம்.

சுரண்டி என்றதும் இன்னொரு மலை நினைவுக்கு வருகிறது. இலங்கை. அங்கே முதலில் காபித் தோட்டங்கள். 1869இல் இலைத்துரு நோய் கண்டு காபி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்கள். இரண்டு காலத்திலும் துரைமார்களுக்கு ஒரே வேதம்தான்: தரையில் ஒரு புல் கூட நிற்கக் கூடாது. ஏக்கருக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசி, திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் போன நம் ஜனங்களின் கையில் சுரண்டியைக் கொடுத்தார்கள். செங்குத்தான சரிவுகளை மொட்டையடித்தார்கள். மழை வந்தது, மேல்மண் ஆற்றோடு போயிற்று. இரண்டு தலைமுறைக்குப் பிறகு சர்க்காருக்கே பயம் வந்துவிட்டது. மண்ணரிப்பை ஆராயக் குழு அமைத்து, 1931இல் அறிக்கை வெளியிட்டார்கள். சுத்தமாகச் சுரண்டுவதுதான் தோட்டக்கலை என்று எண்ணியிருந்தவர்கள், தரையில் ஏதாவது இருக்கட்டும் என்று இறங்கி வந்தார்கள். ரப்பர்த் தோட்டக்காரர்களோ தாங்களே விதை வாங்கி மூடுபயிர் போடவே தொடங்கிவிட்டார்கள்.

துரைமார்கள் தங்கள் தவற்றுக்கு விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம் இது. அதாவது, விலையை நம் ஜனங்களின் முதுகு கொடுத்தது. நாம் இலவசமாகக் கற்றுக்கொண்டிருக்கலாம். கற்றுக்கொண்டோமா? சுரண்டியைக் கீழே வைத்தது உண்மை. அதற்குப் பதிலாகத் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டோம். கிளைபோசேட் என்கிற மருந்து. பயிற்சி பெற்ற ஒழிப்பாளர்களைக் கொண்டல்லாமல் யாரும் அதைத் தெளிக்கக் கூடாது என்று இந்திய அரசு 2022இல் ஆணை போட்டது. மலை உச்சியில் எந்தப் பயிற்சி பெற்ற ஒழிப்பாளர் வந்து தெளிக்கிறார் என்று விசாரித்துப் பார்த்தால் ஒரு நாவலே எழுதலாம்.

ஒரு தோட்டத்து ஓரத்தில் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்மணி ஒருவரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலை தாண்டிப் போய், பொழுது சாயத் திரும்புகிற ஆயிரக்கணக்கான தேனி ஜில்லாப் பெண்களில் ஒருவர். "புல்லு இருந்தா மண்ணு நிக்கும், ஐயா. அது எங்களுக்குத் தெரியாதா? மொதலாளிக்குப் பாக்க வெளிச்சமா இருக்கணும். அதுக்குத்தான் செதுக்குறோம்" என்றார். 'பாக்க வெளிச்சமா'. எத்தனை அறிக்கைகள் எழுதினாலும் இவ்வளவு சுருக்கமாகக் காரணத்தைச் சொல்ல முடியாது.

இனி நண்பரின் ஆட்சேபணைகளுக்கு வருகிறேன். அவற்றில் இரண்டு கனமானவை, மறைக்க மாட்டேன்.

முதலாவது, ஏலத்தின் சுபாவம். ஏலச்செடிக்குக் காய் தலையில் காய்ப்பதில்லை. அடித்தூரிலிருந்து சரம் கிளம்பி, தரையை ஒட்டி ஓடுகிறது. பூவும் அங்கேதான், தேனீ வருவதும் அங்கேதான், பெண்கள் உட்கார்ந்து காய் பறிப்பதும் அங்கேதான். "அந்த இடத்தில உங்க ஸ்ட்ராபெர்ரி படர்ந்தா, நான் சரத்தை எங்கே தேடறது?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில், தூரைச் சுற்றி நாலடி வட்டத்தைச் சருகு மூடாக்குக்கு விட்டுவிடுங்கள் என்பதே. ஆனால் உங்கள் தோட்டம் முழுவதும் தூர் அல்லவே? வரிசைக்கு நடுவே இடம் இருக்கிறது. நடைபாதை ஓரம் இருக்கிறது. மண் சரிகிற வரப்புச் சரிவு இருக்கிறது. வாய்க்கால் கரை, கூலிக்காரர் வீட்டு முற்றம், காய் உலர்த்தும் ஸ்டோரின் பின்புறம். எல்லாவற்றையும் ஏன் வழிக்கிறீர்கள்? நான் கேட்பது அந்த இடங்களைத்தான்.

இரண்டாவது ஆட்சேபணை இன்னும் கனமானது. "தரையை மூடிட்டா களை வெட்டற வேலை கொறைஞ்சு போகும். அந்தப் பொம்பளைங்க பொழைப்புக்கு என்ன வழி சொல்றீங்க?" என்றார். கூலிப் பெண்களின் மீது அவருக்கு இருக்கிற கரிசனத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பத்துப் பேர் நாள் முழுக்கச் செய்கிற வேலையை ஒரு ஆளும் ஒரு டின் மருந்தும் அரை நாளில் முடித்தபோது இந்தக் கரிசனம் எங்கே போயிருந்தது? மூடுசெடிக்கு நடுவே முளைக்கும் முரட்டுப் புதரைக் கையால்தான் எடுக்க வேண்டும். மிஞ்சிப் பரவினால் அரிவாளால் ஒதுக்க வேண்டும். வழுகிய கரையில் மறுபடி நட வேண்டும். கைக்கு வேலை கொடுப்பது செடி. கையைத் தேவையில்லை என்பது மருந்து.

மற்ற ஆட்சேபணைகள் இலேசானவை. "பழத்தில ருசியே இல்லையே" என்றார். மஞ்சள் பூவைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் தரையில் விரிக்கிற ஜமக்காளத்தை யாராவது கடித்துப் பார்த்து வாங்குகிறார்களா? மண்ணை மூடுவது அதன் உத்தியோகம், பழம் மேல்வரும்படி. ருசி வேண்டுமானால் மேலே போய் வெள்ளைப் பூவை வளருங்கள்.

"பாம்பு வரும்" என்றார். சீனத்திலும் ஜப்பானிலும் இந்தச் செடிக்குப் 'பாம்புப் பழம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆகையால் பயம் நண்பருக்கு மட்டும் சொந்தமல்ல. பாம்பு பழம் தின்னாது. எலியையும் தவளையையும் தேடி வரும். அரையடி உயரம் கூட எழும்பாத செடியில் பாம்பு ஒளிவதைவிட இடுப்பளவு உண்ணிப்புதரில் ஒளிவது அதற்கு சௌகரியம். தோட்டத்து எல்லையில் அந்த உண்ணிப்புதரை வேலி என்று காப்பாற்றி வைத்திருப்பவரும் நண்பர்தான்.

"ஒரு தடவை விட்டா ஊரையே மூடிடும்" என்றார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மஞ்சள் பூச் செடி அப்படிப் பெயர் கெட்டிருப்பது உண்மை. அலங்காரத்துக்குக் கொண்டுபோனார்கள்; அது புல்தரைகளில் பரவி அவர்களைப் பழி வாங்குகிறது. நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. சொந்த ஊரில் அடக்கமாக இருக்கிற செடி அயலூரில் அட்டகாசம் செய்கிறது. உண்ணிச்செடி நம்மிடம் வந்து செய்ததும், வாட்டில் மரம் நம் புல்வெளிகளை விழுங்கியதும், கிக்குயூப் புல் மலைமேட்டில் பரவியதும் அதே கதை. எந்தச் செடி எங்கே பிறந்தது என்று விசாரிப்பது சாதி விசாரணை போல எனக்கும் முதலில் அருவருப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் செடி விஷயத்தில் பிறந்த ஊர் என்பது அதைத் தின்னும் புழு, பறவை, பூஞ்சை எல்லாம் கூடவே இருக்கிற ஊர். கட்டுப்படுத்த உறவினர் இருக்கிற இடத்தில் யாரும் மிஞ்ச முடியாது.

ஒரு விஷயத்தைத் தொடாமல் குரங்கணியைப் பற்றி எழுத முடியாது. 2018 மார்ச் 11ஆம் தேதி அந்தச் சரிவில் காய்ந்த புல் தீப்பிடித்து, மலையேறி இறங்கிக்கொண்டிருந்தவர்களில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் இளம் வயதினர். 'அங்கே பச்சைத் தரைமூடி இருந்திருந்தால்...' என்று ஆரம்பித்து என் கட்சிக்கு அந்தத் தீயைச் சாட்சியாக இழுப்பது எளிது. அப்படிச் செய்தால் அது அயோக்கியத்தனம். அது வறண்ட சரிவு. கோடையில் புல் காய்வது அதன் சுபாவம். அங்கே ஸ்ட்ராபெர்ரி நிற்காது. அந்த மரணங்களுக்குக் காரணம் விசாரிக்க வேறு இடங்கள் உண்டு. நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். அன்றைக்கு முன்பு, மலையில் தரையில் என்ன நிற்கிறது, அது எந்த மாதத்தில் காய்கிறது, எப்போது பச்சையாக இருக்கிறது என்பது ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு அற்ப விஷயமாக இருந்தது. முதுவாக்குடியில் வாழ்கிற முதுவர்களுக்கு அது ஒருநாளும் அற்ப விஷயமாக இருந்ததில்லை. தரையைப் படிக்கத் தெரியாமல் மலையில் வாழவும் முடியாது, ஏறி இறங்கவும் முடியாது.

மலைமேல் சொகுசு விடுதி நடத்துகிறவர்களுக்கும் இந்தப் படிப்பு கிடையாது. அப்படி ஒரு விடுதியில் ஒருநாள் தங்க நேர்ந்தது. பெயர் வேண்டாம். வாசலில் பச்சை நிறப் பிளாஸ்டிக் புல் விரித்திருந்தார்கள். மலையில்! கால் வைத்த இடமெல்லாம் தானாகவே பச்சை முளைக்கிற ஊரில்! பிளாஸ்டிக் புல்லுக்குப் பின்னால் தொட்டிகளில் கலிபோர்னிய ரகச் செடிகள். 'ஸ்ட்ராபெர்ரி பறித்து மகிழுங்கள்' என்று ஒரு பலகை. தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். சம்பளக்காரர் ஒருவர் வேலியோரத்தில் எதையோ செதுக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தேன். மூன்று மூன்று இலை, மஞ்சள் பூ. உள்ளே தொட்டியில் இருப்பதற்குக் கட்டணம். வெளியே தானாக வந்ததற்கு மண்வெட்டி.

சரி, எப்படி வளர்ப்பது என்று கேட்கும் வாசகர்களுக்கு, நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். சண்டை மட்டும் போட்டுவிட்டுப் போகிறான் என்ற பெயர் வேண்டாம். காப்புக்காட்டிலிருந்து செடியைப் பிடுங்கி வராதீர்கள்; சட்டப்படி குற்றம், தர்மப்படியும் குற்றம். தோட்டத்து ஓரங்களிலும் பக்கத்துத் தோட்டத்திலும் தேடினால் கிடைக்கும். வேர் பிடித்த ஓடுதண்டுக் கணுக்களை வெட்டியெடுங்கள். மேற்குச் சரிவுக்காரர்கள் ஆனி மழையிலும் கிழக்குச் சரிவுக்காரர்கள் ஐப்பசி மழையிலும் அடிக்கு ஒன்றாக நடலாம். குருத்தை மண்ணில் புதைத்துவிடக் கூடாது, அழுகும். முதல் வருஷம் நடுவே முளைக்கும் புதரைக் கையால் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு செடி தன்னைப் பார்த்துக்கொள்ளும். மருந்து தெளித்த தரையில் விளைந்த பழத்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். இதைச் சொல்ல வேண்டியிருப்பதே நாம் எங்கே வந்து நிற்கிறோம் என்பதைக் காட்டுகிறது.

குழந்தைகளைப் பற்றிச் சொன்னேன். என் கட்சியின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

தோட்டத்துக் கூலிக்காரர் வீட்டுக் குழந்தைகளுக்கு, அவர்கள் தாய்மார் பறிக்கிற ஏலக்காயில் பங்கு கிடையாது. கீழே விழுந்த ஒரு காயை எடுத்தாலும் திருட்டு. தேயிலையில் பங்கு கிடையாது. விடுதிக்காரரின் தொட்டியில் பங்கு கிடையாது. எடை போடுகிற எல்லாவற்றுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். எடை போட முடியாத பழத்துக்கு மட்டும் சொந்தக்காரர் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் குனிந்து பறித்து வாயில் போட்டுக்கொண்டால் ஏன் என்று கேட்க ஆள் இல்லை. ருசி குறைவாக இருக்கலாம். ஆனால் யாருடைய அனுமதியும் இல்லாமல் தின்னக் கூடிய பழம் அந்த மலையில் இன்னும் எத்தனை மிச்சம் இருக்கிறது? தரையை வழிக்கிறவர் களையை மட்டும் வழிக்கவில்லை. அந்தக் குழந்தைகளுக்கென்று இருந்த அந்தக் கொஞ்சத்தையும் சேர்த்து வழிக்கிறார். அவருக்கு அதில் ஒரு காசு லாபமும் கிடையாது. லாபமாவது இருந்தால் பேராசை என்று சொல்லிவிட்டுப் போகலாம். வெறும் வெளிச்சத்துக்காக ஒருவர் வாயிலிருப்பதைப் பிடுங்குவதற்கு என்ன பெயர் வைப்பது?

என் போடி நண்பர் இதைப் படிப்பார். படித்துவிட்டு, "அடுத்த வாரம் தோட்டத்துப் பக்கம் வாங்க, நேரில் பேசிக்கலாம்" என்பார். வருகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. அதுவரை ஸ்டோருக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சரிவில் ஆளையும் டின்னையும் அனுப்பாதீர்கள். ஸ்ட்ராபெர்ரி நடுங்கள் என்று கூட நான் கேட்கவில்லை. ஒரே ஒரு மழைக்காலம் அந்த இடத்தைச் சும்மா விட்டுப் பாருங்கள். மண் ஓடுகிறதா, நிற்கிறதா என்று உங்கள் கண்ணே சொல்லும். எது களை என்பதைப் பிறகு தீர்மானிக்கலாம்.